பள்ளத்தை அடைப்பதா, பஸ் விடுவதா? – வாசகர் கேள்வி பதில்

சென்னைச் சாலைகளின் நிலை பற்றியும், பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஆகும் செலவு பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். சாலைப் பொறியியலிலும் பேருந்து இயக்கத் திட்டமிடலிலும் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

மெட்ரோவுக்கு ஆயிரம் ஆயிரம் கோடியாகக் கொட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தெருவில் நடக்கவே வழியில்லை. இரண்டு வருடம் மெட்ரோ வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் எல்லாச் சாலையையும் போட்டுவிடக் கூடாதா?
– வாசகி, பெரம்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பணம் இந்தப் பைக்கு வராது. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளத்துக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டது. மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அதில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற நிறுவனங்கள் தரும் கடன். குறிப்பிட்ட வேலை நடந்து, அதற்கு பில் வந்தால்தான் அந்தக் கடனில் பணம் இறங்கும். வேலையை நிறுத்தினால் பணம் மிஞ்சாது. வட்டி ஏறும், ஒப்பந்ததாரர்கள் இழப்பீடு கேட்பார்கள், தடுப்பு போட்டு அடைத்த சாலைகள் அடைத்தபடியே கிடக்கும்.

உங்கள் தெருவுக்கான பணம் சொத்து வரி, மாநில நிதி ஆணையத்தின் பகிர்வு, மாநில அரசின் சாலைத் திட்டங்கள் வழியாக மாநகராட்சிக்கு வருகிறது. அங்கே நடக்கும் உண்மையான போட்டி வேறு: புதிதாகக் கட்டுவதற்கும், கட்டியதைக் காப்பதற்கும் இடையிலானது. மேம்பாலத்துக்கும் சாலை அகலப்படுத்தலுக்கும் திறப்பு விழா உண்டு. விரிசலில் தார் ஊற்றி அடைப்பதற்கும், பணிமனையில் நிற்கும் பேருந்துக்கு ஓட்டுநர் போடுவதற்கும் விழா கிடையாது. அதனால் பராமரிப்பும் பேருந்து இயக்கமும் ஒரே பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடுவது யாருக்கும் உதவாது.

இன்னொன்றையும் கணக்குப் போடுங்கள். 63,246 கோடியை 118.9 கிலோமீட்டரால் வகுத்தால் கி.மீ.க்கு ஏறத்தாழ 530 கோடி. நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசி 2 கிலோமீட்டரில் நல்ல சாலையும் பேருந்தும் நடைபாதையும் இல்லாவிட்டால், அந்த 530 கோடியில் பாதிப் பயன் நிலைய வாசலோடு நின்றுவிடும். மெட்ரோவை நிறுத்தச் சொல்வதைவிட, ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் உள்ள சாலைகளை நிலையம் திறக்கும் முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

புதிய பஸ் வாங்குவது அவசரமா, சாலையைச் சரிசெய்வது அவசரமா? ஒன்றுதான் முடியும் என்றால் எது?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பல வழித்தடங்களில் சாலையைச் சரிசெய்வதே பஸ் வாங்குவதற்குச் சமம். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு வழித்தடத்தில் பஸ் போய்த் திரும்ப 90 நிமிடம். இரு முனையிலும் ஓய்வுக்குச் சேர்த்து 10 நிமிடம். ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 10 பஸ் தேவை. இந்த வழியில் 400 மீட்டர் நீளத்தில் குண்டும் குழியுமான துண்டுகள் ஐந்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலையில் 24 கி.மீ. வேகத்தில் போகும் பஸ், 400 மீட்டரை 60 விநாடியில் கடக்கும். பள்ளத்தில் ஊர்ந்து 8 கி.மீ. வேகத்தில் போனால் 180 விநாடி. துண்டுக்கு 2 நிமிட நஷ்டம். ஐந்து துண்டு, இரண்டு திசை: மொத்தம் 20 நிமிடம். அந்த 2 கி.மீ. சரியானால் சுற்று நேரம் 80 நிமிடம் ஆகும். அதே 10 நிமிட இடைவெளிக்கு 8 பஸ் போதும். அல்லது அதே 10 பஸ்ஸை வைத்துக்கொண்டு 8 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். இரண்டு பஸ் சும்மா கிடைத்துவிட்டது. கூடவே இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நான்கு ஓட்டுநர், நான்கு நடத்துநர். ஸ்பிரிங் பட்டை முறிவதும் டயர் வெடிப்பதும் குறைவது இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கு ஒரே இடத்தில் வழுக்கும். சாலை சரியான பிறகு நேர அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும். எழுதாவிட்டால் மிச்சமான 20 நிமிடமும் கடைசி நிறுத்தத்தில் பஸ் சும்மா நிற்பதில் போய்விடும். சாலை ஒரு துறையின் கையில், அட்டவணை இன்னொரு நிறுவனத்தின் கையில் இருப்பதால் இந்தத் தவறு எளிதாக நேர்கிறது. சாலை முடிந்த மறு மாதமே அந்த வழியில் ஓட்ட நேரத்தை மறுபடி அளந்து புதிய அட்டவணை போட வேண்டும். சாலைப் பணியின் கால அட்டவணையிலேயே இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.

இதனால் பஸ் வாங்கவே வேண்டாம் என்று ஆகிவிடாது. மத்திய அரசின் அளவுகோலில் 1,000 பேருக்கு 0.6 பஸ்ஸுக்கு மேல் இருந்தால் முதல் நிலை, 0.4 முதல் 0.6 வரை இரண்டாம் நிலை. 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரத் தொகுதியின் மக்கள்தொகை 86 லட்சத்துக்கு மேல். முதல் நிலையை எட்ட அப்போதைய எண்ணிக்கைக்கே 5,000 பஸ்ஸுக்கு மேல் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். இடைவெளி பெரியது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் அவையும் இதே பள்ளங்களில்தான் இறங்கி ஏறுகின்றன.

பஸ்ஸும் லாரியும்தான் சாலையைக் கெடுக்கின்றன. வரி கட்டி இருசக்கர வாகனம் ஓட்டும் நாங்கள் ஏன் அதற்குச் செலவு செய்ய வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

முதல் வாக்கியம் சரி. மறைக்க எதுவும் இல்லை. அச்சின் மேல் விழும் எடை கூடக் கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும்; எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சோதனையிலிருந்து வந்த விதி இது. நம் சாலை வடிவமைப்பும் அதையே அடிப்படையாகக் கொண்டது. நிறைந்த பஸ்ஸின் பின் அச்சில் சுமார் 10 டன், காரின் ஓர் அச்சில் முக்கால் டன் என்று வைத்தால், அந்த ஒரு பஸ் அச்சு செய்யும் சேதம் 30,000 கார் அச்சுகளுக்குச் சமம். ஸ்கூட்டரின் சேதம் கணக்கிலேயே வராது. அதே விதிப்படி, 10 டன் ஏற்ற வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றிய லாரி இரண்டு மடங்கு சேதம் செய்கிறது. எடை மேடையில் நடக்கும் சோதனை சாலைப் பராமரிப்பின் ஒரு பகுதி என்பது இதனால்தான்.

ஆனால் அந்த பஸ்ஸில் இருக்கும் 60 பேரும் 40 காரில் வந்தால், காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தாலும் 240 மீட்டர் வரிசை உங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் நிற்கும். பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். நீங்கள் செலுத்தும் பணம் அந்த 228 மீட்டருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே பஸ் போகும் சாலையை பஸ்ஸைத் தாங்கும்படி கட்ட வேண்டும். முதலில் கெடுவது நிறுத்தம். அங்கே பஸ் பிரேக் போடுகிறது, நிற்கிறது, இழுத்துக் கிளம்புகிறது. வெயிலில் இளகிய தார் அலை அலையாக ஒதுங்கி, சக்கரத் தடத்தில் குழி விழுந்து, மழையில் தண்ணீர் கட்டி நிற்கும். அந்த இடத்தில் எத்தனை முறை தார் போட்டாலும் இதே கதைதான். நிறுத்தம் இருக்கும் பகுதியை மட்டும், இரண்டு பஸ் நிற்கும் இடமானால் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு, கான்கிரீட்டாக மாற்றுவது நிரந்தரத் தீர்வு. அடியில் சிமென்ட் குறைத்துப் போடும் மெலிந்த கான்கிரீட் படுகை, மேலே எம்-40 எனும் வலுவான தரக் கான்கிரீட் பலகை. 14 நாள் ஈரம் காயாமல் நீர் பாய்ச்சி, வழக்கமாக 28 நாள் கழித்தே வண்டி விட வேண்டும். அதுவரை நிறுத்தத்தைத் தற்காலிகமாகத் தள்ளி வைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பல இடங்களில் மறுபடி தாரையே போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் மூன்று முறை ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது வாசல்படி சாலைக்குக் கீழே. மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள். சுரண்டிவிட்டுப் போடுவோம் என்றார்கள், சுரண்டியதாகத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, வளசரவாக்கம்

பழைய மேற்பரப்பை எந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். சாலை மட்டம் உயரக் கூடாது என்பதே அதன் சாரம். ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கண்டுபிடிக்க லாரியை எண்ணுங்கள். 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனம் என்றால் 12 கன மீட்டர். தார்க்கலவை கன மீட்டருக்கு 2.3 டன்னுக்குக் குறையாது. எனவே சுமார் 28 டன் கழிவு உங்கள் தெருவிலிருந்து வெளியே போயிருக்க வேண்டும். அதாவது பெரிய லாரியில் இரண்டு லோடு. ஒரு சின்ன வண்டி மட்டும் வந்து போனதென்றால் ஓரத்தில் மட்டும் கீறியிருக்கிறார்கள். வேலைக்கு முன்பே உங்கள் படிக்கட்டிலிருந்து சாலையின் நடு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு மட்டக் குழாய் பிடித்து, உயரத்தைச் சுவரில் குறித்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முடிந்ததும் அதே இடத்தில் அளந்தால் சண்டைக்கே இடமில்லை.

சுரண்டிய பிறகு கவனிக்க வேண்டியவை உண்டு. தூசியை நன்றாகப் பெருக்கி ஊதித் தள்ள வேண்டும்; தூசிமேல் தெளித்த தார்ப்பால் (பழைய பரப்பையும் புதியதையும் ஒட்டவைக்கும், தாரை நீரில் கலந்த திரவம்) ஒட்டாது, புதுப் பரப்பு அடை போல உரிந்து வரும். தார்ப்பால் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில் தெளிப்பது வழக்கம். உங்கள் 400 சதுர மீட்டர் தெருவுக்கு 100 கிலோ, அதாவது அரை பீப்பாய். ஒரு வாளியில் கொண்டுவந்து விளக்குமாற்றால் தெளித்தால் போதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை மூடிகளைப் புதிய மட்டத்துக்கு ஏற்ற அன்றே மாற்ற வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவும் வேண்டும்: 100-க்கு 2 என்ற கணக்கில், நடுவிலிருந்து ஓரம் 2 மீட்டர் என்றால் 40 மி.மீ. இறக்கம். அந்த இறக்கம் மழைநீர் வடிகாலின் வாயில் போய் முடிய வேண்டும். உங்கள் வாசலில் முடியக் கூடாது.

சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்டுப் போவது தனிக் குற்றம். வரிவரியான பரப்பில் இருசக்கர வாகனம் சறுக்கும். மழை நீர் நேராக அடித்தளத்துக்குள் இறங்கும்.

மழைக்காலத்தில் பள்ளத்தை அடைக்கிறார்கள், ஒரு வாரத்தில் பெயர்ந்து விடுகிறது. ஏன்?
– ஆட்டோ ஓட்டுநர், வடபழனி

பள்ளம் தண்ணீரால் பிறக்கிறது. விரிசல் வழியே நீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்குகிறது. மேலே சக்கரம் ஏறி இறங்கும்போது நீர் அழுத்தத்தோடு பீச்சியடித்து, ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கிறது. அந்த ஈரத்தின் மேலேயே இரண்டு மண்வெட்டி கலவையைக் கொட்டி, வண்டியின் டயராலேயே அழுத்திவிட்டுப் போனால் அது ஒட்டாது.

முறையான ஒட்டு இப்படி. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி, நல்ல பகுதி வரும்வரை சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்ட வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். வட்டமாக, சாய்வாக விட்டால் விளிம்பில் கலவை மெலிந்து முதலில் அங்கேதான் உடையும். தளர்ந்த ஜல்லி முழுவதையும் அள்ளி, காயவைத்து, அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் தார்ப்பால் பூச வேண்டும். பிறகு அடுக்கடுக்காகக் கலவை போட்டுத் தட்டு அதிர்வு எந்திரத்தாலோ சிறு ரோலராலோ ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்த வேண்டும். முடிந்ததும் சாலையைவிட ஓரிரு மில்லிமீட்டர் மேடாக இருந்தால் நல்லது. வண்டி ஓட ஓட அமரும்.

அளவு விஷயத்தில்தான் பெரிய ஏமாற்றம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 75 மி.மீ. ஆழமுள்ள குழிக்கு அழுத்திய பிறகு ஏறத்தாழ 175 கிலோ கலவை வேண்டும். 25 கிலோ பையில் வரும், சூடாக்காமலே போடும் குளிர் கலவை என்றால் ஏழு பை. இரண்டு பையில் மூடியது இரண்டு நாள்தான் நிற்கும்.

சூடான கலவைக்குச் சூடு முக்கியம். வழக்கமான வி.ஜி.-30 ரகத் தாரில் செய்த கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் ஓட்டம் 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள ஆலையிலிருந்து வரும் லாரி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, தார்ப்பாயும் போர்த்தாமல் வந்தால், கலவை கட்டி கட்டியாக விழும். எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் உள்ளே காற்றறை மிஞ்சும். காற்று இருக்கும் இடத்தில் அடுத்த மழைக்கு நீர் இருக்கும். இரவு வேலையை நாம் ஆதரிக்க இதுவே முதல் காரணம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளிர் கலவையால் தற்காலிக ஒட்டு, ஜனவரிக்குப் பிறகு அதே இடத்தை வெட்டி முறையான ஒட்டு என்பதே சென்னைக்கு ஏற்ற நடைமுறை. இரண்டாவது பாதியைச் செய்ய வேண்டுமென்றால், தற்காலிகமாக மூடிய ஒவ்வொரு பள்ளத்தின் இடத்தையும் அன்றே பதிவு செய்து வைக்க வேண்டும்.

போன மாதம் போட்ட புது ரோட்டை இந்த மாதம் குழாய்க்காக வெட்டுகிறார்கள். யாருமே பேசிக்கொள்வதில்லையா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கொளத்தூர்

குடிநீர், கழிவுநீர், மின் கேபிள், தொலைத்தொடர்பு, மழைநீர் வடிகால், மெட்ரோ: ஒரே சாலைக்கு ஆறு உரிமையாளர்கள். போக்குவரத்துத் தரப்பை ஒருங்கிணைக்க 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய கும்டா எனும் பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. ஆனால் சாலைக்கு அடியில் இருப்பவற்றுக்கு உள்ளாட்சிதான் சாவி. ஒவ்வொரு துறையும் அடுத்த இரண்டு ஆண்டில் எங்கே வெட்டப்போகிறது என்ற பட்டியலைத் தந்த பிறகுதான் அந்த ஆண்டின் சாலைப் பட்டியல் தயாராக வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் புது ரோடு வெட்டப்படும்.

வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் மூடும் முறையைப் பாருங்கள். அள்ளிய மண்ணையே, சேறும் களிமண்ணுமாக, ஒரே தடவையில் தள்ளி மூடினால் முதல் மழையில் பள்ளம் நீளவாக்கில் உள்வாங்கும். 150 மி.மீ. அடுக்குகளாக மணலோ சரளையோ போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து அழுத்தி, மேலே ஜல்லிப் படுகை, அதன் மேல் தார் என்று வர வேண்டும். மேல் தார்ப்பகுதியை மட்டும் பள்ளத்தைவிட இரு பக்கமும் ஒரு சாண் அகலமாக வெட்டிப் போட்டால், புதிதும் பழையதும் சேரும் கோடு பள்ளத்தின் விளிம்புக்கு நேரே வராது. உள்வாங்கலும் விரிசலும் குறையும். பஸ் போகும் சாலையில் இரவோடு இரவாக வேலை முடிய வேண்டியிருப்பதால் மூடும் வேலை அவசரப்படும். அங்கேதான் மேற்பார்வை அதிகம் வேண்டும்.

வேளச்சேரியில் சாலையை இன்னும் அகலப்படுத்தினால் நெரிசல் தீராதா?
– வாசகர், வேளச்சேரி

சில மாதங்கள் தீரும். அகலமான சாலையைப் பார்த்து பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்கள் வண்டியை எடுப்பார்கள், மறுபடி அடைக்கும். அகலப்படுத்திய பகுதிக்கும் வருடா வருடம் பராமரிப்புச் செலவு உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். உங்கள் ஊரில் 2007 முதல் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. அதன் வாசலுக்கு பஸ் வந்து திரும்ப இடமும், நிழலோடு நடைபாதையும் செய்வது அகலப்படுத்துவதைவிட மிகக் குறைந்த செலவு. பஸ்ஸுக்குத் தனித்தடம் போடலாம். ஆனால் நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸாவது வராத சாலையில் போட்டால் தடம் காலியாகத் தெரியும், மற்ற ஓட்டுநர்களின் கோபம் வெல்லும். தில்லியில் 2008-ல் தொடங்கிய தனித்தடம் 2016-ல் அகற்றப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, அடர்த்தியான வழியில் மட்டும் தொடங்க வேண்டும்.

பெண்களுக்கு இலவசப் பயணத்துக்குத் தரும் பணத்தைச் சாலைக்குத் திருப்பினால் என்ன?
– வாசகர், மயிலாப்பூர்

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இருக்கும் இந்தத் திட்டத்துக்கு, 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் மாநிலம் முழுமைக்கும் 3,600 கோடி ஒதுக்கப்பட்டது. அது பெண்களிடம் வாங்காத கட்டணத்துக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தரும் ஈடு. திருப்பினால் அதே பஸ்ஸின் டீசலும் சம்பளமும் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். இல்லாவிட்டால் பஸ் நிற்கும். காலை 5 மணிக்கு வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் கிளம்பும் பெண்ணிடமிருந்து எடுத்து, பகலில் கார் ஓடும் சாலைக்குக் கொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சாதாரணப் பேருந்துகள் உங்கள் வழியில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகின்றன என்பதே.

கோவைக்கும் இதே பதில்தானா? அவிநாசி சாலை மேம்பாலம் வந்துவிட்டதே.
– வாசகி, பீளமேடு

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ., 1,791 கோடியில் கட்டிய அந்த மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. தொலைவுக்குப் போகும் வாகனங்கள் மேலே ஏறிவிட்டன. இப்போது கீழே கிடைத்திருக்கும் இடமே உங்கள் ஊருக்குக் கிடைத்த உண்மையான வாய்ப்பு. அந்தச் சாலையில் இருபுறமும் கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம். டவுன் பஸ் நிற்பது கீழேதான். தூண்களுக்கு இருபுறமும் நிறுத்தங்களைக் கான்கிரீட்டாக்கி, கடக்கும் இடங்களைச் சரிசெய்து, டவுன் பஸ் நடைகளைக் கூட்டலாம். தாமதித்தால் அந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகிவிடும். ஒருமுறை ஆகிவிட்டால் மீட்பது கடினம்.

எங்கள் வார்டுக்கு வரும் பணம் குறைவு. எந்தச் சாலையை முதலில் எடுப்பது என்று சண்டை. ஒரு முறை சொல்லுங்கள்.
– பகுதி சபை உறுப்பினர், திருவொற்றியூர்

மிக மோசமான சாலையை முதலில் எடுப்பது இயல்பாகத் தோன்றும். அதுதான் பணத்தை விழுங்கும் வழி. நல்ல நிலையில் விரிசல் மட்டும் விழுந்த சாலைக்கு, விரிசலை அடைத்து 6 முதல் 8 மி.மீ. கனத்தில் ஒரு மெல்லிய காப்புப் பரப்பு போதும். கொஞ்சம் தேய்ந்ததற்கு 30, 40 மி.மீ. தார்ப்பரப்பு. அடித்தளமே போன பஸ் சாலைக்கு, சரளை முதல் தார் வரை அரை மீட்டர் கனத்துக்குத் தோண்டிப் போட வேண்டும். எல்லாப் பணத்தையும் செத்த சாலையில் போட்டால், இந்த வருடம் விரிசலோடு இருக்கும் பத்துச் சாலைகள் அடுத்த இரண்டு மழையில் செத்துவிடும்.

முதல் வேலையாக, இரண்டு ஆண்டுக்குள் குழாயோ கேபிளோ வரப்போகும் சாலைகளைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அங்கே பள்ளம் அடைப்பு மட்டும். மீதியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: காக்க வேண்டியவை, மேற்பரப்பு மாற்ற வேண்டியவை, தோண்டிப் போட வேண்டியவை. காக்கும் குவியலுக்கான பணத்தை முதலில் ஒதுக்கி, அதைத் தொடக் கூடாது என்று தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்.

மற்ற இரண்டு குவியலிலும் வரிசையை மனிதர்களை எண்ணி முடிவு செய்யுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ், 16 மணி நேரம், இரு திசை என்றால் நாளுக்கு 192 முறை பஸ் கடக்கிறது. சராசரி 35 பேர் என்றால் 6,700 பேர். பக்கத்துச் சாலையில் 2,000 ஸ்கூட்டரும் 500 காரும் போகலாம். பார்வைக்கு அதுதான் பரபரப்பாகத் தெரியும், ஆனால் ஆள் கணக்கில் பாதியைத் தாண்டாது. சென்னை மாநகராட்சியின் கையில் உள்ள பஸ் வழித்தடச் சாலை ஏறத்தாழ 390 கி.மீ.; உட்புறச் சாலையோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். பஸ் சாலைகளை முதலில் நல்ல நிலைக்குக் கொண்டுவருவது எட்டாத காரியமே அல்ல.

பஸ்ஸே போகாத உட்புறத் தெருக்களை ஒதுக்குவது நியாயமாகாது. அங்கே பஸ் நிறுத்தத்துக்கு, ரேஷன் கடைக்கு, பள்ளிக்கு நடந்து போகும் தெருவுக்கு முன்னுரிமை கொடுங்கள். நடக்கத் தடையில்லாத 1.8 மீட்டர் அகல நடைபாதை கிடைக்கும் தெருவானால் அதையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். சாலை முடிந்த பிறகு நடைபாதைக்காக ஓரத்தை உடைப்பது மறுபடி செலவு.

தாழ்தள பஸ் வந்தும் எங்கள் நிறுத்தத்தில் சக்கர நாற்காலியோடு ஏற முடியவில்லை.
– மாற்றுத்திறனாளி வாசகர், கே.கே. நகர்

பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ.; நிறுத்த மேடை 150 மி.மீ. இருந்தால் சாய்தளம் வசதியாக விழும். மேடையே இல்லாமல் சாலையிலிருந்து ஏற்றினால் செங்குத்தாகிவிடும். மேடையை ஒட்டி பஸ் நிற்க வேண்டுமானால் அங்கே ஆட்டோவும் பைக்கும் நிற்கக் கூடாது, ஓரத்தில் வடிகால் மூடி பள்ளமாக இருக்கக் கூடாது. ஓட்டுநர் ஒட்டி நிறுத்தத் தயங்குவதற்குப் பெரும்பாலும் அந்த மூடிதான் காரணம். வழியிலுள்ள வேகத்தடைகளையும் பாருங்கள்: சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் எனும் அமைப்பு சொல்வது 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரமான மெதுவான வளைவு. ஒரு முழ அகலத்தில் குவித்து வைத்த மேடு தாழ்தள பஸ்ஸின் அடிப்பகுதியை உரசும். அப்படிப்பட்ட மேடுகள் இருக்கும் வழியில் அந்த பஸ்ஸை விடவே தயங்குவார்கள்.

புகார் கொடுத்தால் பதில் வருவதில்லை. எப்படிக் கேட்டால் வரும்?
– வாசகர், மடிப்பாக்கம்

சாலை யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா என்பதில்தான் பாதிப் புகார்கள் தொலைகின்றன. மாநகராட்சிச் சாலை என்றால் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். "சாலை மோசம்" என்று எழுதாமல், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எத்தனை அடி நீளம், எவ்வளவு ஆழம், எந்த பஸ் எண் அந்த வழியாகப் போகிறது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: அந்தச் சாலைக்கான ஒப்பந்தத்தின் பணி ஆணை, போட்ட தேதி, குறைபாட்டை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது, செய்த வேலையின் அளவைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல், சுரண்டிய கழிவை ஏற்றிச் சென்ற லாரிகளின் பதிவு. அந்தப் பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் புதிய மதிப்பீடோ புதிய நிதியோ தேவையில்லை. ஒப்பந்ததாரரை வரச் சொன்னால் போதும். இதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. அந்தக் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே, படங்களோடு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.